ஏழாம் நம்பர் லாக்கர்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்கிறீங்களா தம்பி? தப்பா நெனச்சுக்காதீங்க, எனக்கு இடது முட்டி மடங்காது. நீட்டித்தான் வெக்கணும். ஆங், போதும் போதும். பை இடிக்குதா? இடிச்சாச் சொல்லுங்க. உள்ள இருக்கிறது துப்பாக்கி இல்ல, பயப்படாதீங்க. கோல்ஃப் மட்டை, பதினாலு. கண்டக்டர் தூக்கிப் பாத்துட்டு லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டான். போடட்டும். சேர்வராயன் கோப்பையை ஆறு தடவை வாங்கின மட்டைக்கு லக்கேஜ் டிக்கெட்டு. நாடு அப்படி இருக்கு.

நீங்க ஏற்காடுதானா? டூரா. அதான் என்னைத் தெரியல. பொன்னுரங்கம். மின்வாரியம் பொன்னுரங்கம்னு மேல போய் யாரை வேணா கேட்டுப் பாருங்க. ஏரிக்கரையில பஜ்ஜி போடறவன்கூடச் சொல்லுவான். புதுசா கடை போட்டவனா இருந்தா தெரியாது. அது வேற விஷயம்.

போட்டிக்குப் போறீங்களான்னு கேக்கறீங்க. இல்ல தம்பி. போட்டி இருக்கு, இன்னைக்குத்தான், பத்து மணிக்கு ஆரம்பம், ஐம்பதாவது வருஷம். ஆனா நான் அதுலருந்து விலகிட்டேன். நானாத்தான் விலகினேன், யாரும் சொல்லல. அதை முதல்ல கேட்டுக்கோங்க. பின்ன எதுக்குப் போறேன்னா, சும்மா காத்து வாங்க. சேலத்துல வெயில் மனுஷன் இருக்கற மாதிரியா இருக்கு? மட்டையை வீட்டுல விட்டுட்டு வந்தா எங்க தெருவுல திருட்டு பயம். ஷூவா? இது அடியில முள்ளு வெச்சது, வழுக்காது. முட்டி இப்படி இருக்கும்போது அதான் நல்லது. தொப்பி வெயிலுக்கு. கையுறை... கையுறை சும்மா பாக்கெட்ல கெடந்துச்சு.

இதோ அடிவாரம் வந்துடுச்சு. இனிமே இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு போர்டு வெச்சிருப்பாங்க. எண்ணிக்கிட்டே வாங்க, வாந்தி வராது.

எனக்கும் இந்த மலைக்கும் நாப்பது வருஷப் பழக்கம். இருபத்தாறு வயசுல என்னை உதவிப் பொறியாளரா இங்க தூக்கிப் போட்டாங்க. மழைக்காலம் வந்தா தெனம் ஒரு மரம் கம்பி மேல சாயும். கரண்ட் போனா க்ளப்புல விளக்கு எரியாது. அதைக்கூடப் பொறுத்துக்குவாங்க. ஃப்ரிட்ஜ் ஓடலன்னா ஐஸ் கெடைக்காது, ஐஸ் இல்லன்னா அந்த எஸ்டேட் முதலாளிங்க துடிச்சுப் போயிடுவாங்க. நானே நேர்ல போய் நின்னு லைனைச் சரி பண்ணிக் குடுப்பேன். கிராமத்து லைனையும் பாப்போம், முறை வரும்போது. அப்படிப் போகவர இருந்ததுல என் திறமையைக் கண்டுபிடிச்சு என்னை மெம்பராக்கினாங்க. ஐஸுக்காக ஆக்கினாங்கன்னு ஆபீஸ்ல சில பேரு பேசினாங்க. வயித்தெரிச்சல். மட்டையைத் தொட்ட அஞ்சாவது வருஷம் கோப்பை என் கையில. அப்புறம் இன்னும் அஞ்சு தடவை. ஒரு தடவை நல்லா ஆடற நாலு பேரு ஒரே கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. இன்னொரு தடவை மழையில ஆட்டம் பாதியிலயே நின்னுச்சு, அப்ப நான் முன்னால இருந்தேன். அது வேற விஷயம். கோப்பையில வெட்டின பேரு பேருதான்.

இந்த ஜெபசிங் இருக்கானே, அவனுக்கு அந்தக் குடுப்பினை இல்ல. ஜெபசிங்குன்னா பல் டாக்டர், என் வயசுதான், என்கூடவே ஆட ஆரம்பிச்சவன். பதினோரு தடவை ரெண்டாவதா வந்திருக்கான். என் கடைவாய்ப் பல்லு ரெண்டைப் புடுங்கினது அவன்தான். வலிக்கல, அதை ஒத்துக்கறேன். இப்ப இடுப்புல இரும்பு வெச்சிருக்கு. அவன் நடக்கறதைப் பாத்தா ஆட்டோ ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருக்கும். அவன் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால வருவான்.

எங்க போட்டியில ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள், முதல் அடி. ஆட வந்தவங்கள்ல யாரு அதிகத் தடவை கோப்பை வாங்கியிருக்காங்களோ அவங்கதான் அடிக்கணும். மைக்ல பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. கூட்டம் கப்சிப்னு ஆயிடும். கோயில்ல பரிவட்டம் கட்டி முதல் மரியாதை குடுக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க. பதினெட்டு குழி, ரெண்டு நாள் ஆட்டம், அதெல்லாம் அப்புறம். பத்து வருஷமா அந்த முதல் அடி நான்தான். இந்த வருஷம் ஐம்பதுங்கறதால கலெக்டர் வராரு, டிவி வருதுன்னு பேச்சு. கேபிள் டிவிதான். அது வேற விஷயம்.

அந்த நேரம் பாத்து அடிபட்டுது. பயிற்சியில. கடுமையான பயிற்சி தம்பி, அறுபத்தேழு வயசுல யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க. ஸ்கேன் எடுத்தாங்க. ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ஆறு வாரத்துக்கு நடையைக் குறைங்கன்னாரு டாக்டர். போட்டிக்கு மூணே வாரம்.

ஆனா முட்டிக்காக மட்டும் நான் விலகல. முறைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? முன்னெல்லாம் க்ளப் செயலாளர் சேலத்துக்கு வீடு தேடி வருவாரு. தட்டுல வெத்திலை பாக்கு, பூ, பழம், மேல அழைப்பிதழ். 'அண்ணா, நீங்க வந்துதான் ஆரம்பிச்சு வெக்கணும்'பாரு. எங்க வீட்டுல சம்சாரம் தெய்வானை காபி குடுப்பா. இந்த வருஷம் புதுசா ஒரு பொண்ணு செயலாளர், நிவேதிதான்னு பேரு. பெங்களூர்ல பெரிய ஓட்டலை நிர்வாகம் பண்ணின பொண்ணு, கெட்டிக்காரிதான், இல்லங்கல. என்ன பண்ணுச்சு தெரியுமா? ஃபோன்ல ஒரு லிங்க் அனுப்புச்சு. கலந்துக்கறீங்களா, ஆம், இல்லைன்னு ரெண்டு கட்டம். விரலால தொட்டாப் போதுமாம். ஆறு தடவை ஜெயிச்சவனும் கட்டத்தைத் தொடணும், நேத்து மட்டை வாங்கினவனும் கட்டத்தைத் தொடணும்.

எங்க தாய்மாமன் ஒருத்தரு இருந்தாரு, ஓமலூர்ல. எந்தக் கல்யாணம்னாலும் முந்தின நாள் ஒரு காரணம் கண்டுபிடிச்சுக் கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாரு. பந்தியில முதல்ல கூப்பிடல, பத்திரிகையில பேரு ரெண்டாவதா வந்துடுச்சு, ஏதாவது ஒண்ணு. முகூர்த்தத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது நாலு பெரியவங்க தட்டோட போய்க் கெஞ்சிக் கூத்தாடி அவரைக் கார்ல கூட்டிட்டு வருவாங்க. அவரு பட்டு வேட்டியோட இறங்கும்போது ஜனம் மாப்பிள்ளையை விட்டுட்டு அவரைத்தான் பாக்கும். கோவிச்சுக்கத் தெரியணும் தம்பி. எல்லாருக்கும் வராது. கடைசியா நடந்த கல்யாணத்துல மட்டும் வேலை மும்முரத்துல அவரைக் கூப்பிட ஆள் அனுப்ப மறந்துட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் வேட்டியைக் கட்டிக்கிட்டு வீட்டுல உக்காந்திருந்தாராம். அது வேற விஷயம்.

அதனால நான் கட்டத்தைத் தொடல. முறையா கடுதாசி எழுதினேன். 'முழங்கால் காயத்தின் காரணமாகவும், வேறு சில காரணங்களாலும், மிகுந்த மனவேதனையுடன் போட்டியிலிருந்து விலகுகிறேன்.' வேறு சில காரணங்கள்னு ஏன் போட்டேன்? படிக்கறவங்க பதறிப்போய் என்ன காரணம்னு கேக்கணும்ல. மச்சினனைக் காரை ஓட்டச் சொல்லி மேல போய், நொண்டி நொண்டி ஆபீஸுக்குள்ள நடந்து, அந்தப் பொண்ணு கையிலயே குடுத்தேன். நின்ன வாக்குல படிச்சுது. 'அச்சச்சோ. சரிங்க சார். உடம்பைப் பாத்துக்கோங்க'ன்னுச்சு. அவ்வளவுதான். வேறு சில காரணங்கள்ங்கற இடத்துல கண்ணு நிக்கவே இல்ல. நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்னேன். 'வேற ஏதாவது வேணுமா சார்'னு கேட்டுச்சு.

அன்னைக்கு ராத்திரிக்குள்ள க்ளப் வாட்ஸப் குரூப்புல போட்டுட்டாங்க. பொன்னுரங்கம் சார் விலகிட்டாரு, காத்திருக்கறவங்க பட்டியல்ல முதல் பேரு டாக்டர் ஜெபசிங், அவரு ஆடுவாரு, சார் இடத்துக்கு வரதால முதல் அடியும் அவருதான்னு. நாப்பத்தோரு பேரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாங்க. எதுக்குக் காட்டினாங்க? நான் போனதுக்கா, அவன் வந்ததுக்கா? ஒருத்தன் ரெண்டு பூ போட்டிருந்தான். செத்தவனுக்குக்கூட மாலையாப் போடுவாங்க தம்பி.

எத்தனாவது வளைவு? ஆறா. இன்னும் இருக்கு.

சரி, குரூப்புல ஆயிரம் போடுவாங்க, கமிட்டி நேர்ல வராம இருக்குமா? ஞாயித்துக்கிழமை வருவாங்கன்னு கணக்குப் போட்டேன். லீவு நாள், மலையிலருந்து இறங்கி வர வசதி. எங்க வீட்டு ஹால்ல சோபாவுல நாலு பேருதான் உக்காரலாம். அதனால தெருமுனைப் பந்தல்காரன்கிட்டச் சொல்லி பன்னண்டு நாற்காலி இறக்கினேன். தெய்வானையைக் கேசரி கிண்டச் சொன்னேன். பஜ்ஜிக்கு மாவு கரைச்சு வெச்சா. 'யாரு வராங்க'ன்னு கேட்டா. 'என்னைச் சமாதானம் பண்ண வராங்க'ன்னேன். 'அவங்களுக்கு அது தெரியுமா'ன்னு கேட்டா. எப்பவும் இப்படித்தான் பேசுவா.

பத்தரை ஆச்சு, பன்னண்டு ஆச்சு. வாசல் கேட் சத்தம் கேட்டுச்சு. கேஸ் சிலிண்டர் போடறவரு. கேசரியைக் குடுத்து அனுப்பினா. மதியம் மாதையனுக்கு ஃபோன் போட்டேன். முப்பது வருஷமா என் பையைத் தூக்கிட்டு என்கூட நடந்தவன், மலைக்காரன், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு மண்ணைக் கிள்ளிப் போட்டே சொல்லிடுவான். 'மாதையா, க்ளப்புல என்ன பேசிக்கறாங்க'ன்னேன்.

'எதைப் பத்திங்க?'

'நான் விலகினதைப் பத்தி.'

'ஒண்ணும் பேசலீங்க. புல்லு வெட்டிக்கிட்டு இருக்காங்க.'

'யாரும் வருத்தப்படலையா?'

'வரலன்னு நீங்க சொன்னீங்க, சரின்னு அவங்க சொன்னாங்க. இதுல யாருங்க யாரைக் கோவிச்சுக்கறது?' அப்புறம் அவனாவே, 'ஏனுங்க, பதினெட்டு குழியும் உங்களால நடக்க முடியாது, அது எனக்கும் தெரியும். முதல் அடியை மட்டும் அடிச்சுட்டு உக்காந்துக்கறேன்னு நேராக் கேட்டிருந்தா அந்தப் பொண்ணு சந்தோசமா விட்டிருக்குமே'ன்னான்.

கேட்டு வாங்கறதுக்கு அது ரேஷன் அரிசியாடான்னு திட்டிட்டு வெச்சுட்டேன்.

ஆனா அவன் சொன்னது பொய் இல்ல தம்பி. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நாளைக்கு நீங்க யாரோ நான் யாரோ. எனக்கு வேண்டியது அந்த ஒரு அடிதான். ரெண்டாவது குழிக்குக்கூட என்னால நடக்க முடியாது. இந்த முட்டி இனிமே சரியாவும் ஆகாது, டாக்டர் சொல்லல, எனக்கே தெரியும். அடுத்த வருஷம்னு ஒண்ணு எனக்கு இல்ல. முதல் குழிக்கு அடிக்கற அந்த மேட்டுல நின்னு, மைக்ல என் பேரைக் கேட்டு, ஒரே ஒரு பந்து. அது நேராப் போறதைப் பாத்துட்டா, அப்புறம் முட்டியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துடுவேன். அதுக்குத்தான் இத்தனையும். அதை வாயைத் திறந்து எப்படிக் கேக்கறது? கேட்டுக் கெடைச்சா அது மரியாதையா?

தண்ணி வேணுமா? என்கிட்ட இருக்கு. சரி சரி.

மூணு மணிக்கு மறுபடி கேட் சத்தம். ஜெபசிங். தனியா வந்திருக்கான், கையில ஹார்லிக்ஸ், ஆப்பிள். இடுப்பைச் சாச்சுச் சாச்சுப் படியேறி உள்ள வந்து பன்னண்டு நாற்காலியையும் பாத்தான். 'வீட்டுல விசேஷமா ரங்கம்'னான். 'பென்ஷனர் சங்கக் கூட்டம்'னேன். 'எப்படிப்பா அடிபட்டுது'ன்னான். பயிற்சியிலன்னு நான் ஆரம்பிக்கறதுக்குள்ள தெய்வானை பஜ்ஜித் தட்டோட வந்து, 'கோப்பை வாங்கின போட்டோ தாழ்வா இருக்கு, வரவங்க கண்ணுக்குப் படலன்னு ஸ்டூல்ல ஏறி மேல மாட்டப் போனாருங்கண்ணா, ஸ்டூல் சாஞ்சிடுச்சு'ன்னுட்டா. பயிற்சிக்குப் போறதுக்கு முன்னால நடந்ததுதான் அது. ரெண்டும் ஒரே நாள்தான். பயிற்சிக்குப் போக முடியல. அது வேற விஷயம்.

ஜெபசிங் சிரிக்கல. பஜ்ஜியைப் பிச்சுக்கிட்டே சொன்னான், 'ரங்கம், எனக்கு இது சங்கடமா இருக்கு. அது உன் இடம். நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் என் பேரை எடுத்துக்கறேன். முதல் அடியை நீ வந்து அடி.'

நான் நாற்காலி நுனிக்கு வந்துட்டேன். நெஜமாச் சொல்றேன். கமிட்டி வரல, தலைவர் வரல, இத்தனை வருஷம் நான் ஜெயிக்க ஜெயிக்கத் தோத்துக்கிட்டே இருந்தவன் வந்து கேக்கறான். ஆனா உடனே சரின்னு சொல்லிட முடியுமா? நீங்களே சொல்லுங்க. விருந்துக்குப் போறோம். சோறு வெக்கட்டுமான்னு வராங்க. வேண்டாங்கறோம். மறுபடி கேக்கறாங்க, இலைக்கு மேல கையை வெச்சு மறைக்கறோம். மூணாவதா, 'அட, கொஞ்சம்தாங்க'ன்னு அவங்க வெக்கணும், நாம சாப்பிடணும். அதுதானே முறை? முதல் தடவையே இலையை நீட்டினா அலைஞ்சான்னு சொல்லுவாங்க.

'வேண்டாம்ப்பா, நீ ஆடு'ன்னேன்.

'இல்ல ரங்கம், மனசாரச் சொல்றேன். நீ வந்து அடி'ன்னான். இது ரெண்டு.

'எனக்கு எதுக்குப்பா அதெல்லாம். ஆறு தடவை பாத்தாச்சு. நீ ஒரு தடவைகூடப் பாக்கல, நீயே அடி'ன்னேன். கொஞ்சம் கனமாவே மறுத்தேன். மூணாவதைக் கேக்க வசதியா இருக்கட்டும்னு.

அவன் என்னையே பாத்தான். எழுந்து என் தோள்ல கையை வெச்சு, 'நீ பெரிய மனுஷன் ரங்கம். இதை நான் மறக்க மாட்டேன்'னுட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டான். ரெண்டு தடவைதான் கேட்டான் தம்பி. ரெண்டே தடவை. வாசல் கேட் வரைக்கும் பின்னாலயே போனேன், இந்த முட்டியை வெச்சுக்கிட்டு. ஆட்டோவுல ஏறும்போதாவது கேப்பான்னு பாத்தேன். 'ஆப்பிளைக் கழுவிச் சாப்பிடு'ன்னான்.

திரும்பி வந்தா தெய்வானை, 'அவரு குடுத்தாரு, நீங்க வாங்கிக்கல. இனிமே என்கிட்டப் புலம்பாதீங்க'ன்னா. ஆறு மணிக்குப் பந்தல்காரன் வந்து நாற்காலியை எடுத்துட்டுப் போனான்.

இது பதிமூணாவது. பாருங்க, ரோடு எப்படி மடங்குது. ஆனா இந்த முட்டி மடங்க மாட்டேங்குது.

இன்னைக்கு ஏன் போறேன்னு நெஜத்தைச் சொல்லிடறேன். காத்து வாங்க இல்ல. இந்தச் சாவி. க்ளப்புல எனக்கு ஏழாம் நம்பர் லாக்கர், முப்பது வருஷமா. நேத்து அந்தப் பொண்ணு ஃபோன் பண்ணி, 'சார், ஆடறவங்களுக்கு லாக்கர் பத்தல, நீங்கதான் ஆடலையே, உங்களுதை ஜெபசிங் சாருக்குக் குடுக்கறோம், சாவியை யார்கிட்டயாவது குடுத்து விடுங்க'ன்னுச்சு. யார்கிட்டயும் குடுத்து விட முடியாது. உள்ள ஒரு கவர் இருக்கு.

சிரிக்கக் கூடாது. விலகறேன்னு கடுதாசி எழுதின அன்னைக்கே, உக்காந்த எடத்துலயே, இன்னொண்ணும் எழுதினேன். 'தங்களின் அன்புக் கட்டளையையும், எண்ணற்ற ரசிகர்களின் கண்ணீரையும் மீற இயலாமல், எனது முடிவை மாற்றிக்கொண்டு, வலியையும் பொருட்படுத்தாமல் முதல் அடியை அடிக்கச் சம்மதிக்கிறேன்.' நம்ம ஊர்ல யாரு ராஜினாமா பண்ணினாலும் இது ரெண்டாவது நடக்கறதுதானே? தீக்குளிப்பேன்னு ரெண்டு பேரு கேன் தூக்கிட்டு நிப்பாங்க, அவரு கண்ணைத் துடைச்சுக்கிட்டு முடிவை மாத்திக்குவாரு. என்னைக் கூட்டிட்டுப் போறவங்க நேரா க்ளப்புக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க, அங்க பேப்பர் பேனா தேடிக்கிட்டு இருக்க முடியாதுன்னு, கமிட்டிக்குன்னு மேல எழுதி, தேதிகூடப் போட்டு லாக்கர்ல வெச்சுட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை தேதி. அதை இப்ப யாராவது எடுத்துப் படிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ரசிகர்களின் கண்ணீர்னு வேற எழுதித் தொலைச்சிருக்கேன். அதான் காலையிலயே பஸ்ஸைப் புடிச்சேன். போய், கவரை எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டு, சாவியைக் குடுத்துட்டு வந்துடுவேன். போன எடத்துல யாராவது ஏதாவது கேட்டா, மட்டை கையில இருக்கு. அவ்வளவுதான்.

ஃபோன் அடிக்குது. க்ளப்புதான். பாத்தீங்களா? இருங்க, உடனே எடுக்கக் கூடாது. காத்துக்கிட்டு இருந்த மாதிரி ஆயிடும். நின்னுடுச்சா? திரும்ப அடிப்பாங்க. அடிக்குது பாருங்க, இது ரெண்டு. அடிக்கட்டும். மூணாவதுல எடுக்கறேன். என்ன, அடிக்கல. வளைவுல டவர் இருக்காது. ஆங், அடிச்சிடுச்சு.

ஹலோ. நிவேதிதாவா, சொல்லும்மா. பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன், சாவியோட... என்னது? சாவி வேண்டாமா? ஏன்? ஆசாரி வந்து பூட்டை எடுத்துட்டாரா. எப்போ? சரி. உள்ள ஒரு பழைய கவர்... பிரிச்சாச்சா. கமிட்டிக்குன்னு போட்டிருந்ததாலயா. யாரு படிச்சா? எல்லாரும் டிபன் சாப்பிடும்போதா? அங்க யாரும்மா சிரிக்கறது? இல்லம்மா, யாரும் கட்டளை போடல. அது சும்மா, தேதி தப்பா... யாரு பேசணுமாம்?

சொல்லு ஜெபா. ம். ம். கேக்குது, சொல்லு. இல்லப்பா. இல்ல, நீ அடி. உன் பேரைப் போட்டாச்சு, நீயே அடி. வேண்டாம்னு சொல்றேன்ல. ஹலோ? ஜெபா? ஹலோ?

கட்டாயிடுச்சு. பதினெட்டாவது வளைவு. இங்க எப்பவுமே கட்டாகும்.

என்ன சொன்னான்னா, 'லெட்டரை நான்தான் பிரிச்சுப் படிச்சேன் ரங்கம், எனக்குப் புரிஞ்சு போச்சு, சிரிச்சவனுங்களைத் திட்டிட்டேன். முதல் அடி உன்னுதுதான், மைக் செட்காரன்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன், பத்து மணிக்கு நேரா மேட்டுக்கு வந்து நில்லு'ன்னான். நீங்களே கேட்டீங்கல்ல நான் சொன்ன பதிலை? பதறாம, அலையாம, கௌரவமா.

இது மூணாவது தடவைதானேங்கறீங்களா? எப்படி? அன்னைக்கு எங்க வீட்டுல அவன் கேட்டது வேற. அதுக்கப்புறம் அவன் எழுந்து போயிட்டான், அந்தப் பந்தி முடிஞ்சு போச்சு. இது புதுப் பந்தி. இப்ப ஒண்ணுதான் ஆயிருக்கு. இன்னும் ரெண்டு தடவை கேப்பான். கேக்காம எங்க போயிடுவான்? அவனுக்குத்தான் புரிஞ்சு போச்சுங்கறானே.

உங்க ஃபோன்ல டவர் இருக்கா?

இருபது முடிஞ்சுது. ஏரி தெரியுது பாருங்க. என் ஃபோன்லயும் மூணு கோடு வந்துடுச்சு. இனிமே அடிச்சா தெளிவாக் கேக்கும். மணி என்ன? ஒம்போதே முக்கால். க்ளப் அந்த மேட்டுலதான். நல்ல கால்னா பத்து நிமிஷம். நீங்க முதல்ல இறங்குங்க, எல்லாரும் இறங்கட்டும், எனக்கு அவசரமில்ல. எனக்கு இறங்கறதுக்கு நேரமாகும், இந்தப் படி கொஞ்சம் உயரம்.

ஐயோ, பையை எதுக்குத் தம்பி தூக்கறீங்க? வைங்க வைங்க. க்ளப் வரைக்கும் கொண்டாந்து தரேங்கறீங்களா? வேண்டாம் தம்பி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்.

உங்க நல்ல மனசு. தோளைப் புடிச்சுக்கிட்டு நடங்கன்னு யாரு சொல்லுவா இந்தக் காலத்துல? ஆனா வேண்டாம். முட்டிதான், என்ன பெரிய முட்டி. அவங்களே கார் அனுப்புவாங்க. நீங்க டூர் வந்த எடத்துல ஊரைப் பாருங்க, போங்க.

மைக் சத்தம் கேக்குதா? அது க்ளப்புதான். யாரையோ கூப்பிடறாங்க.

தம்பி. தம்பி, என்ன கீழ வெச்சுட்டுப் போயிட்டீங்க? தம்பி, ரெண்டு தடவைதானே கேட்டீங்க?